சந்திக்காத பள்ளங்கள்

குழாய்ப் பள்ளம் இரண்டும் சந்திக்க வேண்டிய நாளில் சந்திக்கவில்லை.

கிழக்கே ஆற்றங்கரை பம்ப் ஹவுஸிலிருந்து தோண்டிக்கொண்டு வந்தவன் மாப்பிள்ளை. மேற்கே, தண்ணீர்த் தொட்டி கட்டப்போகிற மேட்டிலிருந்து தோண்டிக்கொண்டு வந்தவன் மச்சான். வேலையாட்கள் அவர்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் வேறு பெயர் உண்டு என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. இருவரும் குழாய் பதிக்கிற ஒப்பந்தக்காரர்கள். ஒரே வீட்டுக்காரர்களும்கூட. மச்சானின் தங்கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை அதே வீட்டின் மாடியில் குடியிருந்தான். கீழே மச்சானும் அம்மாவும். மச்சானுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவன் பொக்லைனைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறான் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே பொட்டல் வெளி. சரளைக் கல், முள், இடுப்புயரப் புதர். அடையாளத்துக்கு ஒரு மரம் கிடையாது, ஒரு சுவர் கிடையாது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் போன்தான் கண். போனைத் திறந்தால் வரைபடத்தில் ஒரு நீலக்கோடு தெரியும், தான் நிற்கிற இடம் ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளி கோட்டின் மேலேயே இருக்கிறபடி சுண்ணாம்பு போட்டுக்கொண்டு நடந்தால் பின்னாலேயே பொக்லைன் வரும். அந்த வரைபட மென்பொருளை எழுதியவள் மச்சானின் தங்கை, மாப்பிள்ளையின் மனைவி. முப்பது வயதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர்.

இரண்டு பொக்லைன்களும் ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று தெரிகிற தூரம் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இரண்டும் நேருக்கு நேர் வரவில்லை. இப்படியே போனால் நடுவில் ஒரு கூப்பிடு தூரத்தை விட்டுவிட்டு, ரயில் ரயிலைத் தாண்டுகிற மாதிரி ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும்.

முதலில் சிரித்தார்கள். பிறகு உன் கோடு கோணல், என் கோடு நேர் என்று ஆரம்பித்தது. மழை மேகம் மேற்கே கட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் குழாயைச் சேர்த்து மூடாவிட்டால் சரளை சரிந்து செய்த வேலையெல்லாம் மண்ணாகிவிடும் என்ற பதற்றம் இருவருக்கும். வாய் தடித்தது. வேலையாட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க மச்சான் ஒரு வார்த்தை விட்டான்:

"வீட்டோட மாப்பிள்ளைக்கு வீட்டுக்கு வர்ற வழி மட்டும்தான்டா நல்லாத் தெரியும்."

மாப்பிள்ளை தன் பொக்லைனை நிறுத்தச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். மச்சான் நிறுத்தவில்லை. என் போன் காட்டுகிற கோட்டில் நான் போய்க்கொண்டே இருப்பேன், யார் கோணல் என்று கடைசியில் தெரியட்டும் என்று சொல்லிவிட்டானாம்.

மறுநாள் காலை மாப்பிள்ளை பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கட்டிலில் வைத்தான். கோபம் வந்தால் கத்துகிற ஆள் அவன் இல்லை, அமைதியாகத் துணி மடிக்கிற ஆள். வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம், இந்த மாதமே பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னான். கீழே மச்சான் விடிவதற்குள் கிளம்பிப் போயிருந்தான், டீ கூடக் குடிக்காமல்.

அம்மா படியேறி வந்தாள். மருமகன் சட்டை மடிப்பதைப் பார்த்தாள். உள்ளறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மகளிடம் போனாள்.

"உன் மேப்பு என் வீட்டை ரெண்டாக்கிடுச்சுடி."

"மேப்பு என்னம்மா செய்யும், சண்டை போட்டது அவங்க."

"அவங்க அதைப் பார்த்துத்தானே தோண்டினாங்க. ரெண்டு பேரும் தொழில் தெரியாதவங்களா? போன வருஷம் அந்தக் கிழக்குத் தெரு பூரா ரெண்டு பேரும் சேர்ந்துதானே குழாய் போட்டாங்க? அப்ப எங்க போச்சு இந்தக் கோணல்?"

அம்மா டீயை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பாப்பாவுக்கு டீ இறங்கவில்லை. அம்மா கேட்டது சரியான கேள்வி. இரண்டு பேருக்கும் தொழில் தெரியும்.

அவர்கள் நடந்த தடம் மென்பொருளில் சேமிப்பாகியிருந்தது. முதலில் கணவனுடைய தடத்தை எடுத்து அவன் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி பொருந்தியது. அண்ணனுடையதை எடுத்து அவன் கோட்டின் மேல் வைத்தாள். அதுவும் அப்படியே. யாரும் கோணலாகப் போகவில்லை. பிறகு, இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் போட்டாள். குடிநீர் அலுவலகம் இரண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு கோப்பு கொடுத்திருந்தது. அவரவர் போனில் அவரவர் கோடுதான் ஏறியிருந்தது. சேர்த்துப் போட்டபோது கோடுகளே சந்திக்கவில்லை. ஒன்று இங்கே முடிந்தது, மற்றொன்று தள்ளி ஆரம்பித்தது.

நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டாள். அலுவலகத்துப் பொறியாளருக்குப் போன் போட்டுக் கேட்டாள். காகிதத் திட்டப்படத்தில் இரண்டும் ஒரே கோடுதான், முறிவே இல்லை என்று அவர் அடித்துச் சொல்லி, அதன் நகலையும் அனுப்பினார். அப்படியானால் காகிதத்திலிருந்து போனுக்கு வருகிற வழியில் எங்கோ தவறியிருக்கிறது.

முதலில் அவள் சந்தேகப்பட்டது, உருண்டையைத் தட்டையாக்கிய இடத்தை. பூமியை அப்படியே எந்தத் திரையிலும் விரிக்க முடியாது. பூசணிக்காயின் மேல் காகிதத்தை ஒட்டினால் எங்காவது மடிப்பு விழும், எங்காவது இழுபடும். எந்த இடத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை மாற்றிப் போட்டிருந்தால் கோடு தள்ளிப்போகும். ஆனால் அப்படித் தள்ளினால் போகப்போக இடைவெளி கூடும், குறையும், திசையும் திரும்பும். அவள் அண்ணனுடைய கோட்டில் தொடக்கத்தில் ஓர் இடம், நடுவில் ஓர் இடம், முடிவில் ஓர் இடம் என்று எடுத்து, காகிதப் படத்தோடு ஒப்பிட்டு அளந்தாள். எல்லா இடத்திலும் ஒரே தூரம். ஒரே திசை. முழுக் கோட்டையும் யாரோ பாயோடு பிடித்துத் தெற்கே இழுத்துப் போட்ட மாதிரி.

பாப்பா எழுந்து வெளியே வந்தாள். கணவன் பெட்டியைப் பூட்டுவதற்குப் பூட்டைக் கையில் எடுத்திருந்தான்.

"வண்டியை எடுங்க. அந்தப் பொட்டல்ல பழைய சர்வே கல்லு இருக்குல்ல, அங்க போகணும்."

"நான் அந்தப் பக்கம் வரல."

"உங்க கோடு நேர். அண்ணன் நடந்ததும் நேர். ரெண்டும் உண்மைன்னு இப்ப எனக்குத் தெரியுது, எப்படின்னு மட்டும் அந்தக் கல்லுல போய் நின்னாத்தான் தெரியும். வர்றீங்களா, நான் ஆட்டோ பிடிச்சுப் போகட்டுமா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கல்யாணமான புதிதில் முதல்முதலாக அவள் மென்பொருள் ஓடியபோது இந்த முகத்தைப் பார்த்திருக்கிறான். பூட்டை மெத்தையில் போட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

போகிற வழியெல்லாம் அவள் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். காற்றில் பாதி பறந்துபோனது. மேற்கே வானம் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. மண் வாசனை இன்னும் வரவில்லை.

கல் முழங்கால் உயரம் இருந்தது. தலையில் ஒரு கூட்டல் குறி செதுக்கியிருந்தது. அந்தக் காலத்தில் அளந்தவர்கள் நட்டது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பழைய படத்தில் எண் போட்டு எழுதியிருந்தார்கள். பாப்பா அந்த எண்ணை மென்பொருளில், அண்ணனின் கோப்பிலேயே போட்டாள். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. பிறகு கல்லின் தலையிலேயே போனை வைத்தாள். நீலப்புள்ளி வந்தது. சிவப்பு ஓரிடம், நீலம் ஓரிடம். இடைவெளி அதே கூப்பிடு தூரம். அதே திசை.

"கல்லு நகர்ந்துடுச்சா?" என்றான் அவன்.

"கல்லு நகரல. பூமியை அளக்க ஆரம்பிக்கிற இடம்தான் வேற. அந்தக் காலத்து ஆளுங்க பூமி இந்த வடிவம்னு ஒண்ணை வச்சுக்கிட்டு, எங்கயோ ஒரு இடத்துல நின்னு எண்ண ஆரம்பிச்சாங்க. அவங்க ஊருக்கு அது சரியா இருந்துச்சு. மேல சுத்துற செயற்கைக்கோளு வேற வடிவத்தை வச்சுக்கிட்டு வேற இடத்துலேருந்து எண்ணுது. அதுக்குப் பேருதான் டேட்டம். கதவு எண் ஒண்ணுதான், தெரு வேற. நீங்க பன்னெண்டாம் நம்பர் வீடுன்னு சொல்றீங்க, அண்ணனும் பன்னெண்டாம் நம்பர்ங்கிறான். ரெண்டு பேரும் வேற வேற தெருவுல கதவைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க."

"அப்ப யாருது சரியான தெரு?"

"உங்களுது. உங்க பாதியைப் புதுசா ஜிபிஎஸ் வச்சு அளந்திருக்காங்க. அண்ணன் பாதியைப் பழைய படத்துலேருந்து அப்படியே எண் எடுத்துப் போட்டிருக்காங்க. எந்த டேட்டம்னு கோப்புல எழுதல. எழுதலைன்னா ஜிபிஎஸ் எண்ணாவே எடுத்துக்கோன்னு நான்தான் மென்பொருள்ல ஒரு வரி போட்டு வச்சிருக்கேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான். நேற்றிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. உன் ஒரு வரிக்காக நான் சட்டையெல்லாம் மடித்துவிட்டேனே என்றான்.

அவள் சிரிக்கவில்லை. கல்லின் பக்கத்தில் சரளையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கணினியை மடியில் வைத்துக்கொண்டாள். பழைய டேட்டத்திலிருந்து புதியதற்குப் போக எவ்வளவு தள்ள வேண்டும் என்று மூன்று எண்கள் உண்டு. நில அளவையாளர்கள் அட்டவணை போட்டு வெளியிட்டிருப்பார்கள். அதைத் தேடி எடுத்தாள். அண்ணன் கோப்பின் தலையில் டேட்டத்தின் பெயரை எழுதி, மூன்று எண்களையும் சேர்த்து, ஓட விட்டாள்.

சிவப்புப் புள்ளி ஒரு தாவு தாவி நீலப்புள்ளியின் மேல் வந்து உட்கார்ந்தது.

அவள் கணவனின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். இன்னொரு கல் கொஞ்ச தூரத்தில் இருந்தது; இருவரும் புதருக்குள் புகுந்து ஓடினார்கள், அவள் சேலைத் தலைப்பு முள்ளில் மாட்டிக் கிழிந்தது. அங்கேயும் புள்ளி புள்ளியின் மேல் நின்றது. முழுப் படத்தையும் விரித்தாள். அண்ணனுடைய கோடு வடக்கே நகர்ந்து கணவனின் கோட்டோடு நுனிக்கு நுனி ஒட்டிக்கொண்டது. முறிவு இல்லை. காகிதத்தில் இருந்த அதே ஒற்றைக்கோடு.

"பாருங்க. பாருங்க இதை," என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. இதை அண்ணனிடம் காட்டும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று நினைக்கவே சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை திரையில் விரலை வைத்தான்.

"இந்த மஞ்சக்கோடு என்ன? இதுவும் சேர்ந்து நகர்ந்திருக்கே."

மஞ்சள் கோடு மின்சாரக் கேபிள். துணை மின்நிலையத்திலிருந்து ஆலைக்குப் போகிற பெரிய கேபிள், பல வருடத்துக்கு முன் மண்ணுக்குள் புதைத்தது. அதுவும் அதே பழைய படத்திலிருந்து எடுத்து, அண்ணனின் கோப்பிலேயே போட்டிருந்த கோடுதான். குழாய்க்கோட்டை வரையும்போது கேபிளுக்குப் பக்கத்திலேயே போகாதபடி விலக்கித்தான் வரைந்திருந்தார்கள். இதுவரை திரையில் குழாய் ஓரிடம், கேபிள் தூரத்தில் ஓரிடம் என்று பத்திரமாகத் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து தவறியிருந்ததால் தவறு தெரியவில்லை. ஆனால் அண்ணன் நிஜ மண்ணில் தோண்டியது தவறிய கோட்டில். கேபிளோ நிஜ மண்ணில் நிஜ இடத்திலேயே கிடக்கிறது.

அண்ணனின் போன் இருக்கிற இடம் பச்சைப்புள்ளியாகத் திரையில் மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், ஒரு வீட்டு வாசலிலிருந்து தெருவின் எதிர்ப்பக்கம் வரை எவ்வளவு இருக்குமோ அவ்வளவு தூரத்தில், மஞ்சள்கோடு குறுக்கே ஓடியது.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மாப்பிள்ளை போட்டான். எடுப்பதாக இல்லை. பொக்லைன் ஓடும்போது காதில் விழாது. விழுந்தாலும் இந்த இரண்டு எண்ணையும் அவன் இன்றைக்கு எடுக்க மாட்டான். பாப்பா பொறியாளரைப் போனில் பிடித்து, மின்சார ஆபீஸுக்குச் சொல்லி அந்தக் கேபிளில் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னாள். நிறுத்த அனுமதி வாங்க வேண்டும், நேரமாகும், ஆனால் இப்போதே கேட்கிறேன் என்றார் அவர்.

பாதை இல்லாத இடத்தில் வண்டி குதித்துக் குதித்துப் போனது. அவள் ஒரு கையால் கணினியையும் மறுகையால் கணவனின் இடுப்பையும் பிடித்திருந்தாள். தூரத்தில் பொக்லைனின் மஞ்சள் நிறக் கை மேலே போவதும் இறங்குவதும் தெரிந்தது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இறங்கிய கை மறுபடி மேலே வருகிறதா என்று பார்க்கத் திறந்தாள்.

மாப்பிள்ளை வண்டியை நிறுத்தவில்லை, அப்படியே போட்டுவிட்டுக் குதித்தான். அவள் சரளையில் முழங்கால் தேய விழுந்து எழுவதற்குள் அவன் பள்ளத்துக்குள் இறங்கி, இறங்கிக்கொண்டிருந்த வாளிக்கு நேர் கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். ஓட்டுநர் பதறிப்போய்ப் பிடியை இழுத்தார். வாளி அவன் தலைக்கு மேலே ஆடி நின்றது. மண் பொலபொலவென்று அவன் தோளில் கொட்டியது.

மச்சான் ஓடி வந்தான். கோபத்தில் அவனுக்கு வார்த்தை குழறியது.

"சாகணும்னா என் பள்ளம்தான் கிடைச்சுதா உனக்கு?"

"மெஷினை அணைக்கச் சொல்லுங்க மச்சான். கீழ கரண்டு போகுது."

"கேபிள் அந்தாண்ட இருக்குடா. போன்ல பாக்குறேன் நான்."

"போன் தப்புண்ணே," என்றாள் பாப்பா மேலேயிருந்து. "நீ சரியாத்தான் தோண்டியிருக்க. போன் தப்பு. நான் எழுதினது தப்பு."

ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்தார். திடீரென்று பொட்டல் முழுக்க அமைதி. அந்த அமைதியில் மாப்பிள்ளை குனிந்து, கடைசியாக வாளி கிளறிய மண்ணிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுத்தான். செங்கல். அதன் கீழே இன்னொன்று. காலை முதல் சரளையைத் தவிர ஒன்றுமே வராத பள்ளத்தில் செங்கல்.

மச்சானுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மண்வேலை செய்கிறவனுக்குத் தெரியும். பழைய கேபிளைப் புதைக்கிறவர்கள் அதன் மேலே செங்கல்லை வரிசையாகப் பரப்பிவிட்டுத்தான் மண்ணைத் தள்ளுவார்கள், பின்னால் தோண்டுகிறவன் கையில் முதலில் அது தட்டுப்படட்டும் என்று. தட்டுப்பட்டிருக்கிறது. பழைய கட்டடம் ஏதோ இடிந்து புதைந்தது என்று நினைத்து அவன் இன்னொரு வாளி போடச் சொல்லியிருந்தான்.

அவன் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். பிறகு கையை நீட்டி மாப்பிள்ளையைத் தூக்கி மேலே ஏற்றினான். ஏற்றிய கையை விடவில்லை.

"நேத்து நான் சொன்னது..." என்று ஆரம்பித்தான்.

"அதை விடுங்க மச்சான். நானும் பதிலுக்கு நாலஞ்சு யோசிச்சு வச்சிருந்தேன். பெட்டி கட்டுறப்ப ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு."

"என்னடா யோசிச்ச?"

"இப்பச் சொன்னா மறுபடி சண்டை வரும்."

மச்சான் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். கழுத்துத் துண்டு மண்ணாக இருந்ததால் முகமெல்லாம் மண்ணானது. பாப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்து திரையைக் காட்டினாள். புள்ளி தாவியதையும் கோடு ஒட்டியதையும் மறுபடி மறுபடி போட்டுக் காட்டினாள். அவன் ஒன்றும் புரியாத மாதிரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"பாப்பா, இனிமே கோப்புல எழுதலைன்னா உன் மேப்பு என்ன செய்யும்?"

"நின்னுடும். எந்த டேட்டம்னு கேக்கும். பதில் சொல்ற வரைக்கும் கோட்டைக் காட்டாது."

"அதைச் செய் முதல்ல," என்றான்.

மின்சாரம் நின்றுவிட்டது என்று பொறியாளரிடமிருந்து செய்தி வந்த பிறகு ஆட்கள் கடப்பாரையைத் தொடாமல் மண்வெட்டியாலும் கையாலும் மண்ணை விலக்கிப் பார்த்தார்கள். செங்கல் வரிசைக்குக் கீழே, கை மணிக்கட்டைவிடத் தடியாக, கறுப்பாகக் கேபிள் கிடந்தது. வாளியின் பல் பட்ட இடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்று தண்ணீர் குடித்தார்.

அந்த இடத்தை மூடினார்கள். பொறியாளரே வந்து பார்த்தார். தொட்டி இன்னும் கட்டவில்லை என்பதால் மேட்டில் அதைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொள்ளலாம், மச்சான் தோண்டியதில் பெரும்பகுதி வீணாகாது, கேபிளுக்கு ரொம்ப முன்னாலேயே வடக்கே திருப்பி மாப்பிள்ளையின் பள்ளத்தோடு சேர்த்துவிட்டால் போதும் என்று முடிவானது. வளைவு யார் ஒப்பந்தத்தில் வருகிறது என்று பேச்சு வந்தபோது இரண்டு பேரும் என்னுடையது, என்னுடையது என்றார்கள். பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமே. இரண்டு கோஷ்டியும் ஒரே கோஷ்டியானது. இரண்டு பொக்லைனும் இரண்டு முனையிலிருந்து எதிரெதிராக வந்தன, நடுவில் பாப்பா போனைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பு போட்டு நடந்தாள். மதியம் அம்மா ஒரு வாடகை வண்டியில் சோறும் அவித்த முட்டையும் டீ டிரம்மும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். நடந்ததை யாரும் அவளிடம் முழுசாகச் சொல்லவில்லை. மருமகனின் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே, பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன் மாப்பிள்ளை, கனமாக இருந்தது, இன்னொரு தடவை இறக்காதீர்கள் என்றாள்.

சாயங்காலம் முதல் தூறல் விழுந்தபோது கடைசி மூட்டு சேர்ந்தது. மழை இரண்டு நாள் நின்று பெய்தது. சேர்த்து மூடிய பள்ளம் அசையவில்லை. மூட்டுகள் இருக்கிற இடத்தை மட்டும் கூரை போட்டுத் திறந்து வைத்திருந்தார்கள்.

வெயில் வந்த காலையில் பம்ப் ஹவுஸில் மோட்டாரைப் போட்டு வால்வைத் திறந்தார்கள். தண்ணீர் எங்கே வருகிறது என்று வெளியே தெரியாது. மாப்பிள்ளை மூட்டுக்கு மூட்டு ஓடி, படுத்து, குழாயில் காதை வைத்துக் கேட்டான். வளைவில் மச்சான் காதை வைத்துப் படுத்திருந்தான். மேட்டில், திறந்த குழாய் வாய்க்குப் பக்கத்தில், பாப்பாவும் அம்மாவும், இந்தத் தண்ணீருக்குக் காத்திருந்த குடியிருப்பிலிருந்து வந்த ஒரு கூட்டமும் நின்றார்கள். பலர் கையில் குடம்.

பாப்பாவின் போன் அடித்தது. அண்ணன்.

"வளைவுல திரும்பிடுச்சு," என்றான். பின்னால் ஓடுகிற சத்தம் கேட்டது. "நான் தண்ணி கூடவே வர்றேன்."

தண்ணீர் அவனை முந்திக்கொண்டது. முதலில் குழாய் வாயிலிருந்து காற்று சீறியது. பிறகு இருமுகிற மாதிரி இரண்டு தடவை. பிறகு சிவந்த சேறு பீய்ச்சி அடித்துக் கூட்டமெல்லாம் பின்வாங்கியது. சேறு மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தபோது மச்சான் மூச்சிரைக்க மேட்டில் ஏறி வந்தான். நிற்கவில்லை. நேராகப் போய்க் குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டான். தண்ணீர் அவன் உச்சியில் விழுந்து நாலாபக்கமும் சிதறியது.

அவனுக்குப் பின்னால் மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தான். மச்சான் கண்ணைத் திறக்காமலே தனக்குப் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

"வா மாப்ள," என்றான்.

மாப்பிள்ளை போனை எடுத்துப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டு, சட்டையோடேயே போய் உட்கார்ந்தான்.